தெரியாது என்று சொல்லத் தெரிந்தவர்

நியூஜெர்சியில், எடிசனில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி வளாகத்தில் தொண்ணூறுகளின் பின்பாதியில் நிறையத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். கிரீன் கார்டு எப்போது வரும், எந்தக் கடையில் முருங்கைக்காய் முற்றாமல் இருக்கும், மன்ஹாட்டன் ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும் என்று எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். ஒருவரைக் கேட்டால் மூன்று பேர் சொல்வார்கள். மூன்றும் வேறு வேறாக இருக்கும்.

அந்த வளாகத்தில் 'தெரியாது' என்ற சொல்லை நான் ஒருவர் வாயிலிருந்துதான் கேட்டேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு டாக்டர். எங்களுக்கு மேல் வீடு. குழந்தைகள் 'டாக்டர் ஆன்ட்டி' என்று கூப்பிட, நாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

நான் அமெரிக்கா வந்த புதிதில், கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறையில் அவரை முதலில் பார்த்தேன். ஒரு பட்டுப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றிருந்தேன்.

"ஆன்ட்டி, இந்த மெஷின்ல பட்டு போடலாமா?"

"தெரியாதேம்மா" என்றார். ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல முகமெல்லாம் சிரிப்பு. "நான் போட்டதில்ல. நீ போட்டா என்ன ஆச்சுன்னு எனக்கும் சொல்லு."

நான் போடவில்லை. அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துகளுக்கு அவர் கொண்டுவரும் கூட்டு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நிறத்தில் இருக்கும். என்ன போட்டீர்கள் என்று கேட்டால், "தெரியாது. டப்பாவுல பேர் ஒட்டல" என்பார். மதுரையில் மருத்துவம் படித்துவிட்டு இங்கே வந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ஃப்ரீவேயில் எந்த எக்ஸிட் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்.

கடவுள் அவருக்குக் கொடுத்த கணவர் நேர் எதிர். சாலைத் துறையில் இன்ஜினியர். அவருக்குத் தெரியாத வழி கிடையாது. ஒருமுறை எங்களையெல்லாம் பிட்ஸ்பர்க் கோயிலுக்கு ஷார்ட் கட்டில் கூட்டிப்போகிறேன் என்று முன்னால் காரை ஓட்டினார். நாலு கார்கள் பின்தொடர்ந்தன. மத்தியானம் நாங்கள், அந்த வழியிலேயே இல்லாத டெலவேர் மாநிலத்தில் ஒரு கோழிப்பண்ணை வாசலில் நின்று புளியோதரை சாப்பிட்டோம். அவர் அப்போதும், "இந்த வழியும் போகும்" என்றார். டாக்டர் ஆன்ட்டி கோழிகளைப் பார்த்துக்கொண்டே, "போகும் போகும்" என்றார்.

டாக்டர் ஆன்ட்டியின் வேலை என்ன என்பது வெகுநாள் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கணவர் 'ஹெல்த் டிபார்ட்மென்ட்' என்று சொல்லி முடித்துவிடுவார். ஒருநாள் கோயிலில் பிரசாத வரிசையில் ஒரு பெண்மணி நேராகக் கேட்டாள். டாக்டர் ஆன்ட்டியும் நேராகப் பதில் சொன்னார்.

"மனநல டாக்டர். ஜெயில்ல."

"கொலைகாரங்களைப் பாத்தா பயமா இருக்காதா?"

"அவங்க வேற ஜெயில். எங்க ஜெயில், குழந்தைங்க, பெண்கள்கிட்ட தப்பா நடந்துக்கிட்டு உள்ள வந்தவங்களுக்கு. அவங்களுக்கு ட்ரீட்மென்ட் குடுக்கறதுதான் என் வேலை."

சர்க்கரைப் பொங்கல் வாங்க நின்றிருந்த வரிசை அவரைச் சுற்றி மெல்ல அகன்றது. அவர் அந்த இடைவெளியில் முன்னேறிப்போய் முதலாவதாக வாங்கிக்கொண்டார்.

ஒரு மத்தியானம் போலீஸ்காரர் ஒருவர் எங்கள் கதவைத் தட்டினார். மிகவும் மரியாதையாக ஒரு காகிதத்தைக் கொடுத்தார். சிறுமிகளிடம் தவறாக நடந்துகொண்டு சிறை சென்ற ஒருவன் தண்டனை முடிந்து வெளியே வந்து, எங்களுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான் என்றது அது. அவன் படமும் இருந்தது. அக்கம்பக்கத்தாருக்கு இப்படிச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. காகிதத்தின் அடியில், இதை வேறு யாருக்கும் காட்டக்கூடாது, அந்த மனிதனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றும் எழுதியிருந்தது. சாயந்திரத்துக்குள் வளாகம் முழுக்க அதன் ஜெராக்ஸ் இருந்தது. என் கணவர் ஆபீஸ் மெஷினில் பெரிதாக்கி எடுத்து வந்திருந்தார்.

எனக்கு அப்போது ஏழு வயதில் ஒரு மகள், நித்யா. மறுநாள் பள்ளிக்கூட பஸ் நிற்கும் இடத்தில் எல்லா அம்மாக்களும் நின்றோம். பஸ் டிரைவர் இன்று ஏதாவது விசேஷமா என்று கேட்டார்.

அந்த வாரக் கடைசியில் பாஸ்கர் வீட்டில் கூட்டம். பாஸ்கர் என்பது அவர் உண்மைப் பெயர் அல்ல. ஏன் மாற்றினேன் என்பது பின்னால் புரியும். அவருக்கும் நித்யா வயதில் ஒரு பெண். நல்ல மனிதர், உதவி என்றால் முதலில் ஓடிவருகிறவர், குரல் மட்டும் கொஞ்சம் பெரிது.

"இவனுங்களை வெளிய விட்டதே தப்பு" என்றார் பாஸ்கர். "தண்டனை முடிஞ்சா என்ன? சாகற வரைக்கும் உள்ளயே வெச்சிருக்கணும். அப்படி ஒரு சட்டம் வரணும்னு பெட்டிஷன் போடறாங்க. நாம எல்லாரும் சைன் பண்ணணும்."

"கோர்ட் குடுத்ததை அனுபவிச்சுட்டான். அதுக்கப்புறமும் புடிச்சு வெச்சா அது என்ன நியாயம்? எங்கதான் போவான்?" என்று ஒருவர் கேட்டார். அவர் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அவர் மிச்சப் பேச்சை விழுங்கிக்கொண்டார்.

"டெலவேர் போகட்டும்" என்றார் இன்னொருவர்.

"அங்கயும் தமிழ்க்காரங்க இருக்காங்க" என்று நினைவூட்டினார் டாக்டர் ஆன்ட்டியின் கணவர். அவருக்கு டெலவேர் நன்றாகத் தெரியும்.

பாஸ்கர், மூலையில் முறுக்கு தின்றுகொண்டிருந்த டாக்டர் ஆன்ட்டி பக்கம் திரும்பினார். "டாக்டர், நீங்க அங்கயே வேலை பாக்கறீங்க. நீங்களே சொல்லுங்க. இவன் திரும்பப் பண்ணுவானா, மாட்டானா?"

"தெரியாது."

"என்ன டாக்டர், இத்தனை வருஷ எக்ஸ்பீரியன்ஸ்ல..."

"வேலைக்குச் சேந்த புதுசுல தெரியும்னுதான் நெனச்சிட்டிருந்தேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் முறுக்கைத் தட்டில் வைத்தார்.

"நூறு பேரைக் கொண்டுவந்து நிறுத்துங்க. இதுல சில பேர் திரும்பப் பண்ணுவாங்க, மத்தவங்க பண்ண மாட்டாங்கன்னு சொல்வேன். யாரு அந்தச் சில பேருன்னு கேட்டா கைய விரிச்சிடுவேன், பாஸ்கர்."

"அப்ப நூறு பேரையும் உள்ள வெச்சுட்டா போச்சு."

"வெக்கலாம். பண்ணாதவனையும் சேத்து வெச்சிருக்கோம்னு தெரிஞ்சே வெக்கணும். விடறதா இருந்தா, பண்ணப் போறவனையும் சேத்து விடறோம்னு தெரிஞ்சே விடணும். எதைப் பண்ணினாலும் நிம்மதியாத் தூங்க முடியாது."

"உங்களுக்குக் குழந்தை கிடையாது. அதான் இப்படிப் பேசறீங்க."

பாஸ்கரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் ஆன்ட்டி, "இருக்கலாம்" என்றார். பிறகு, "இந்தப் படத்துல இருக்கறவனைப் பாத்து ஜாக்கிரதையா இருங்க. தப்பே இல்ல. ஆனா நான் தினம் பாக்கற ஆளுங்கள்ல பெரும்பாலான பேரை அந்தக் குழந்தைங்க அங்கிள்னோ மாமான்னோதான் கூப்பிட்டிருக்கும். அதையும் கொஞ்சம் யோசிங்க" என்றார்.

அது யாருக்கும் பிடிக்கவில்லை. யாரோ காபி போடட்டுமா என்றார்கள்.

அதற்குமுன் சனிக்கிழமைகளில் குழந்தைகள் டாக்டர் ஆன்ட்டி வீட்டில்தான் கிடப்பார்கள். ஊரிலிருந்து வரவழைத்த ஒரு கேரம் போர்டு அங்கே இருந்தது. அவர் ஜெயிப்பதற்காகவே ஆடுவார். குழந்தைகள் தண்ணீர் குடிக்கத் திரும்பும்போது சிவப்புக் காயைக் குழிப் பக்கம் நகர்த்தி வைப்பார். கையும் களவுமாகப் பிடிபட்டால், "யார் தள்ளினாங்கன்னு தெரியலையே" என்பார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு குழந்தைகள் வருவது நின்றுபோயிற்று. அவர் பார்க்கும் ஆட்களின் பாவம் அவர் கையில் ஒட்டிக்கொண்டு வருவதுபோல எல்லோரும் நடந்துகொண்டார்கள். நித்யா மட்டும் போனாள். போகாதே என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சொன்னாலும் கேட்கிற பெண்ணும் இல்லை.

பாஸ்கர் கேட்ட சட்டம் வந்தது. தண்டனை முடிந்தாலும், மறுபடி குற்றம் செய்யக்கூடியவன் என்று டாக்டர்கள் சொல்லி, நீதிபதியும் ஒப்புக்கொண்டால், அவனைக் காவலோடு சிகிச்சைக்கென்று உள்ளேயே வைத்திருக்கலாம். வருஷா வருஷம் திரும்பப் பார்ப்பார்கள். அப்படிச் சொல்ல வேண்டிய டாக்டர்களில் எங்கள் டாக்டர் ஆன்ட்டியும் ஒருவர்.

ஒரு பனிநாள் காலையில் அவர் கோட்டும் தொப்பியுமாக என் வீட்டு வாசலில் நின்றார்.

"கோர்ட்டுக்குப் போகணும். நீ ட்ரைவ் பண்றியா?"

"அங்கிள் வரலையா?"

"அவருக்கு ஒரு ஷார்ட் கட் தெரியுமாம். கோர்ட் இன்னைக்கு."

நான் ஓட்டினேன். உள்ளே என்னை விடமாட்டார்கள் என்பதால் நடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினேன். மத்தியானம் அவர் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. காரில் ஏறியதும், வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த இட்லி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார், திறக்கவில்லை. பேர், ஊர் எதுவும் அவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். நானும் கேட்கவில்லை. பாதி வழியில் அவராகவே ஆரம்பித்தார்.

"சட்டத்துல 'லைக்லி'ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்காங்க. திரும்பப் பண்ண லைக்லியான்னு கேக்கறாங்க. லைக்லின்னா எவ்வளவுன்னு ஜட்ஜைக் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டோம்னார்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

"என்ன சொன்னீங்க ஆன்ட்டி?"

"உள்ள வெச்சுக்கலாம்னு சொன்னேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். "ரோட்டைப் பாரு" என்றார்.

"இன்னைக்குக் கோர்ட்ல நின்னவன் அவனாவே என்கிட்ட சொன்னான். வெளிய விட்டா என்னை நான் நம்ப மாட்டேன் டாக்டர்னு. ட்ரீட்மென்ட்ல, மனசைத் தொறந்து சொல்லு, சொன்னாத்தான் குணமாகும்னு அவனைச் சொல்ல வெச்சதே நான்தான். அதை அப்படியே கோர்ட்ல சொல்லி அவனை உள்ள வெச்சுட்டேன். இன்னொருத்தன் இருந்தான். திருந்திட்டேன், திருந்திட்டேன்னு அழகா அழுவான். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியல. அவனை விட்டுட்டாங்க. இனிமே எவன் என்கிட்ட உண்மையச் சொல்வான்?"

வைப்பர் பனியைத் தள்ளிக்கொண்டேயிருந்தது. எடிசன் வந்ததும் அவர், "அந்த இட்லியை நீ சாப்பிடு. அவர் பண்ணினது, நல்லாத்தான் இருக்கும்" என்று டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு மாடிப்படி ஏறினார்.

அடுத்த இலையுதிர் காலத்தில் எங்கள் வளாகத்தில் கணக்குப் பைத்தியம் பிடித்தது. பக்கத்து வளாகத்துக் குஜராத்திக் குழந்தைகள் ஏதோ கணக்குப் போட்டியில் பரிசு வாங்கிவிட்டார்கள். பாஸ்கரின் கல்லூரி நண்பர் ஒருவர் எங்கள் வளாகத்துக்குக் குடிவந்திருந்தார். மனைவி, ஒரு சின்னப் பையன். கலகலப்பான மனிதர். பாஸ்கர் கேட்டுக்கொண்டதால் சனிக்கிழமைகளில் இலவசமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டார். குழந்தைகளுக்கு அவர் 'மேத் அங்கிள்'. நித்யாவும் போனாள். பாதி நேரம் கணக்கு, மிச்ச நேரம் மேலே கேரம்.

ஒரு சனிக்கிழமை டாக்டர் ஆன்ட்டி நித்யாவோடு கீழே வந்தார். அவளை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு என் சமையலறைக்குள் வந்து நின்றார்.

"மேத் அங்கிள் ஐஸ்கிரீம் குடுக்கறாராமே?"

"தெரியாதே ஆன்ட்டி. அவ சொல்லல."

"சொல்ல மாட்டா. அம்மாக்கள்கிட்ட சொல்லக்கூடாது, இது நம்ம சீக்ரெட்னு சொல்லியிருக்கார். இன்னைக்கு வாய் தவறிச் சொல்லிட்டா. அதைத் தவிர வேற ஒண்ணும் இல்ல. பக்குவமாக் கேட்டுப் பாத்துட்டேன்."

"ஐஸ்கிரீம் குடுக்கறதுல என்ன ஆன்ட்டி தப்பு?"

"ஐஸ்கிரீம்ல ஒரு தப்பும் இல்ல. சொல்லாதேன்னதுதான். அடுத்த வாரத்துலேருந்து அனுப்பாதே."

என் கணவர் இதைக் கேட்டு நம்பமுடியாமல் சிரித்தார். பாஸ்கருக்கு விஷயம் எட்டியபோது அவர் சிரிக்கவில்லை. நேரே மாடிக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஜெயில்லேருந்து வந்தவன் பண்ணுவானான்னு கேட்டா தெரியாதும்பீங்க. என் ஃப்ரெண்டைப் பத்தி மட்டும் தெரிஞ்சிடுச்சா?"

"தெரியாது பாஸ்கர்" என்றார் டாக்டர் ஆன்ட்டி. "அவர் தங்கமான மனுஷரா இருக்கலாம். நாளைக்கு யாராவது அவரை உள்ள வெக்கச் சொல்லிக் கேட்டா, முடியாதுன்னு சொல்ற முதல் ஆள் நான்தான். ஒருத்தனைப் புடிச்சு உள்ள வெக்கணும்னா தெரிஞ்சிருக்கணும். ஒரு குழந்தையை வீட்லயே வெச்சுக்கறதுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல. கதவைத் தொறந்து வெச்சு நடத்தச் சொல்லுங்க. ரெண்டு அம்மாக்கள் உள்ள உக்காரட்டும். நல்லவரா இருந்தா அவருக்கு என்ன கஷ்டம்?"

பாஸ்கர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். ஆனால் அவர் மனைவி மறுவாரம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டு வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அவளுக்குத் துணையாக இன்னொருத்தி பட்டாணி உரித்தாள். இரண்டு பேரும் பின்னக் கணக்கில் தேறிவிட்டார்கள் என்று வளாகத்தில் கேலி ஓடியது. பின்னங்கள் முடிவதற்குள் மேத் அங்கிளுக்கு ஆபீஸில் வேலை அதிகமாகிவிட்டது. வகுப்பு நின்றது. குளிர்காலத்தில் டெக்சாஸில், இர்விங்கில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார். வழியனுப்பு விருந்தில் பாஸ்கர் கேக் வெட்ட வைத்தார். டாக்டர் ஆன்ட்டியையும் எங்களையும் கூப்பிடவில்லை. ஒரு நல்ல மனிதரை ஊரைவிட்டே துரத்திவிட்டார்கள் என்று எங்கள் காதுபடவே பேசினார்கள். அதை நினைத்து எனக்கும் தூக்கம் கெட்டது. டாக்டர் ஆன்ட்டியிடம் ஒருமுறை, "நாம அவசரப்பட்டுட்டோமா?" என்று கேட்டேன். "இருக்கலாம்மா" என்றார். "அப்படி இருந்தா சந்தோஷப்படுவேன்."

பனியெல்லாம் உருகிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மேலே கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். கதவு தட்டப்பட்டது. பாஸ்கர். சவரம் செய்யாத முகம். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர். என் பொண்ணு நேத்து அவ அம்மாகிட்ட ஒண்ணு சொன்னா."

டாக்டர் ஆன்ட்டி எழுந்தார். அவர் முகத்தில் எப்போதும் இருக்கிற சிரிப்பு இல்லை.

"உள்ள வாங்க. உக்காருங்க. முதல்ல தண்ணி குடிங்க. சொன்னதும் அவளைத் திட்டினீங்களா?"

"இல்ல."

"திரும்பத் திரும்பக் கேட்டீங்களா?"

"இல்ல."

"நல்லது. கேக்காதீங்க. கேக்கறதுக்குன்னு ஆள் இருக்காங்க. நீ சொன்னது ரொம்ப நல்லது, உன்மேல எந்தத் தப்பும் இல்லன்னு மட்டும் சொல்லுங்க. இன்னைக்கே போலீஸுக்கு ஃபோன் பண்ணணும். நான் கூட இருக்கேன். டெக்சாஸுக்கு நீங்க ஃபோன் பண்ணக்கூடாது, புரியுதா? அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது."

பாஸ்கர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் நித்யாவைக் கூட்டிக்கொண்டு கீழே வந்தேன். ஆட்டம் முடியவில்லையே என்று அவள் முரண்டு பிடித்தாள்.

இரண்டு அம்மாக்கள் வகுப்பில் உட்காருவதற்கு முன்னால் நடந்தது அது. அதற்குமேல் எனக்குத் தெரிந்ததை எழுத எனக்கு உரிமையில்லை. டெக்சாஸிலிருந்து அந்த மனிதரைக் கூட்டி வந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதால் அந்தப் பெண் கோர்ட்டுக்குப் போகவேண்டி வரவில்லை. பாஸ்கர் வீட்டுக்கு டாக்டர் ஆன்ட்டி ஒரு நல்ல பெண் டாக்டரைப் பிடித்துக் கொடுத்தார். தண்டனை என்றதும் எந்தச் சிறை என்று எல்லோருக்கும் புரிந்தது. டாக்டர் ஆன்ட்டி வேலையை விட்டார். "அவனை நான் பாக்கக்கூடாது. ரூல்படியும் கூடாது, என்னாலயும் முடியாது" என்றார். கலிபோர்னியாவில், மில்பிடாஸ் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் இடம் கிடைத்தது. காரிலேயே போய்விடலாம், எனக்கு வழி தெரியும் என்றார் கணவர். விமான டிக்கெட் முன்பே வாங்கியாகிவிட்டது என்று பொய் சொல்லச் சொல்லி டாக்டர் ஆன்ட்டி என்னிடம் கெஞ்சினார்.

இரண்டாயிரத்தொன்று கோடையில் அவர்களுக்கு வழியனுப்பு விருந்து, பாஸ்கர் வீட்டில்தான். சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் பாஸ்கர் தட்டோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டாக்டர், என்னைக்காவது ஒருநாள் அவன் தண்டனை முடியும். அன்னைக்கு என்ன பண்ணணும்? சில நாள் காலைல எழுந்தா, அவன் செத்தாலும் அங்கயே சாகட்டும்னு தோணுது. சில நாள் அவன் பையன் ஞாபகம் வருது. பொறந்தப்ப ஆஸ்பத்திரியிலேருந்து நான்தான் தூக்கிட்டு வந்தேன். அப்பா எப்ப வருவார்னு அவன் அம்மாவைக் கேக்கறானாம். நான் என்ன நெனைக்கணும், சொல்லுங்க."

டாக்டர் ஆன்ட்டி அவர் தட்டில் ஒரு வடையை வைத்தார்.

"அதை யோசிக்கறதுக்குச் சம்பளம் குடுத்து ஆள் வெச்சிருக்காங்க, பாஸ்கர். ஜட்ஜு, டாக்டர், வக்கீல்னு ஒரு கூட்டமே இருக்கு. ரெண்டு பக்கமும் பேசி மண்டைய உடைச்சுக்கட்டும். உங்களை யாரும் அந்த வேலைல வெக்கல. அது உங்க பாரம் இல்ல."

"அப்ப எனக்கு என்ன வேலை?"

அவர் பதில் சொல்வதற்குள் பாஸ்கரின் பெண் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். கழுத்தில் நீச்சல் கண்ணாடி தொங்கியது. தோளில் துண்டு.

"அப்பா, வீ ஆர் லேட். கோச் வில் மேக் மீ டூ எக்ஸ்ட்ரா லாப்ஸ்."

பாஸ்கர் வடையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். சட்டைப்பையையும் பேன்ட் பையையும் தடவி, கார் சாவி எங்கே என்று தேடத் தொடங்கினார்.